ஒரு சைடு ப்ராஜெக்ட், நான்கு கணக்கு

வந்த கேள்வி: "அண்ணா, மெயின் பேண்ட் போக நீங்கள் தனியாக நடத்தும் சைடு ப்ராஜெக்ட்டில் மொத்தம் எத்தனை வெளியீடுகள்? ஸ்ட்ரீமிங் ஆப்பில் 11 காட்டுகிறது. பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 17. இசைத் தட்டுகளைப் பட்டியல் போடும் டிஸ்காக்ஸில் 6. நீங்கள் ஒருமுறை 14 என்று சொன்ன ஞாபகம். என்னைக் கேட்டால், இந்தக் காலத்தில் ஸ்ட்ரீமிங்கில் இருப்பதுதான் கணக்கு. மற்றதெல்லாம் பரணில் கிடக்கும் பெட்டி. தப்பா?"

ஜனவரி 9, இரவு 11.20

14.

ஜனவரி 9, இரவு 11.55

ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டை எடுத்தேன். 2011-இல் முதல் சிடி-ஆர் போட்டபோது வாங்கிய கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு எண், ஒரு பக்கம். கடைசி எண் 15. ஆனால் 07-க்கு விட்ட பக்கம் காலி. 15-இல் ஒன்று போனால் 14. இவ்வளவுதான் என் கணக்கு.

07 ஏன் காலி? 2015 கடைசியில் ஒரு கேசட் போடுவதாக இருந்தது. அட்டை அச்சாகி வந்தேவிட்டது, முதுகில் எண்ணோடு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுகளை ஒருமுறை முழுதாகக் கேட்டேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன். அடுத்ததை 08 என்று போட்டேன், ஏனென்றால் 07 ஏற்கெனவே அச்சில் இருக்கிறதே.

எண் போடுவதில் என்னைவிடப் பெரிய பைத்தியங்கள் உண்டு. மான்செஸ்டரின் இசைத்தட்டு நிறுவனம் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், ஒரு போஸ்டருக்கு 1 என்று எண் கொடுத்துத்தான் ஆரம்பித்தது. அவர்கள் நடத்திய ஹசியெண்டா நடன கிளப்புக்கு 51. அங்கே திரிந்த பூனைக்கு 191. நிறுவனர் டோனி வில்சன் 2007-இல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு 501. அவர்கள் பட்டியலில் பூனைக்கு இடம் இருக்கிறது. என் பட்டியலில் அச்சான அட்டைக்கு இல்லை.

ஜனவரி 10, காலை 7.10

தம்பி சொன்ன 11 எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

2021 ஆல்பம், என் எண்ணில் 13. அதற்கு முன்னால் மூன்று சிங்கிள் விட்டேன். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு விநியோகம் செய்பவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, வாட்டர்ஃபால் என்பார்கள். முதல் சிங்கிளில் ஒரு பாட்டு. இரண்டாவதில் புதுப் பாட்டு முன்னால், பழையது அதன் பின்னால். மூன்றாவதில் மூன்று. கடைசியில் முழு ஆல்பம், அதற்குள் இவை எல்லாம். ஒவ்வொரு பாட்டுக்கும் அதே ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒலிப்பதிவின் அடையாள எண்) எங்கும் கொடுத்தால், கேட்ட எண்ணிக்கை ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். புதிதாகக் கேட்க வருபவர் பழையதையும் கேட்டுவிட்டுப் போவார்.

விளைவு, முதல் பாட்டு நான்கு இடத்தில் இருக்கிறது. பழைய கள், புது மொந்தை. அதுவும் மொந்தை நான்கு. நோட்டில் இது ஒரே பக்கம். ஆப்பில் நான்கு சதுரம்.

ஆக 11-இல் மூன்று சிங்கிளைக் கழித்தால் 8. நோட்டோடு ஒப்பிட்டேன். 05, 10, 11, 12, 13, 14, 15. ஏழுதான் வருகிறது. மூன்று முறை எண்ணினேன்.

ஜனவரி 10, காலை 7.40

எட்டாவது என்னுடையது இல்லை!

யாரோ ஒருவர். என் சைடு ப்ராஜெக்ட்டுக்கு வைத்த அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். அட்டையில் ஓநாய். இரண்டு நிமிட ட்ராப் பீட், ஹிப்-ஹாப் வகை. நான் பண்ணுவதோ டேப் இரைச்சலுக்கு நடுவே மெதுவாக நகரும் கீபோர்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். என் பக்கத்தில் அதிகம் கேட்கப்பட்டவற்றில் முதலிடமும் அதற்குத்தான்.

இது எப்படி நடக்கிறது என்றால், விநியோகத்தில் ஏற்றும்போது எந்தக் கலைஞர் என்று அடையாள எண்ணைக் காட்டாமல் வெறும் பெயரைக் கொடுத்தால், பெயர் ஒத்துப்போகிற பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒருவேளை அந்த ஆளும் தன் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

டிஸ்காக்ஸில் இதற்கு எளிய வழி: ஒரே பெயரில் இரண்டாவதாக வருபவருக்கு அடைப்புக்குறிக்குள் 2 என்று போட்டுவிடுவார்கள். இன்னொரு இசைப் பட்டியல் தளமான மியூசிக்பிரெயின்ஸில் ஒவ்வொருவருக்கும் 36 எழுத்து நீளத்தில் ஒரு அடையாளம், பக்கத்தில் ஆளைப் பிரித்துக்காட்ட ஒரு சின்னக் குறிப்பு. எனக்கு அங்கே யாரோ "கீபோர்டு, இரைச்சல்" என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வருட உழைப்பை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். மறுக்கவும் முடியவில்லை.

புகார் எழுதிப் போட்டாயிற்று.

ஜனவரி 12

பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேர் யோசனை சொல்கிறார்கள். பெயர் மாற்றுவது பட்டியல் போடுபவருக்கு எப்படிப்பட்ட தலைவலி என்று சொல்கிறேன்.

கனடாவின் இசைக்கலைஞர் டான் ஸ்னெய்த் முதலில் மனிடோபா என்ற பெயரில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைத் தன் மேடைப்பெயரில் வைத்திருந்த பழைய பங்க் பாடகர் ஒருவர் வழக்குப் போட, ஸ்னெய்த் கரிபூ என்று மாற்றிக்கொண்டார். பெயர் மாறியதோடு முடியவில்லை. 2001-லும் 2003-லும் மனிடோபா பெயரில் வந்த ஆல்பங்களையே மறுபடி கரிபூ பெயரில் வெளியிட்டார்கள். அதே பாட்டு, பெயர் மட்டும் வேறு. இன்று ஸ்ட்ரீமிங்கில் தேடுபவருக்கு மனிடோபா என்று ஒருவர் இருந்ததே தெரியாது. பழைய சிடி வைத்திருப்பவர் கையில்தான் அந்தப் பெயர் இருக்கிறது. இது போதாதென்று நடன இசைக்கு டாஃப்னி என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்.

அட்டையில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எழுது, பின்னால் இருக்கும் ஆளோடு தனியாக இணை. டிஸ்காக்ஸும் சரி, மியூசிக்பிரெயின்ஸும் சரி, இதில் ஒரே கட்சி. ஸ்ட்ரீமிங்கில் பெயர் நிரப்பும் ஒரு கட்டம், அவ்வளவுதான். இன்று மாற்றினால் நேற்றும் மாறிவிடும்.

நான் மாற்றப்போவதில்லை. ஓநாய்க்காரர் மாற்றட்டும்.

ஜனவரி 13

டிஸ்காக்ஸின் 6 சரியான எண்தான், அவர்கள் கேள்விக்கு. 01 சிடி-ஆர், 02 கேசட், 04 நண்பனோடு பங்கு போட்ட கேசட், 05 சிடி, 08 கேசட், 10 எல்பி இசைத்தட்டு. கையில் பிடிக்கக்கூடியவை இந்த ஆறுதான். கெவின் லெவாண்டோவ்ஸ்கி 2000-இல் எலக்ட்ரானிக் இசைத் தட்டுகளைப் பட்டியல் போடத்தான் அந்தத் தளத்தைத் தொடங்கினார், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுது என்பதுதான் அங்கே வேதம்.

அங்கே ஒரு அடி வாங்கினேன். நோட்டில் 02-க்கு 2012 என்று எழுதியிருக்கிறேன். கேசட்டை வாங்கியவர் ஏற்றியிருக்கும் படத்தில், உள்ளட்டையின் மடிப்பில், என் கையெழுத்தில் 2013 என்று இருக்கிறது. பென்சில் கோடு போட்டு, அதன்மேல் நான் பேனாவால் எழுதிய 2013. பதிவு செய்தது 2012. நோட்டில் எழுதியது பதிவு செய்த வருடம், வெளியிட்ட வருடம் இல்லை. அப்படியானால் மற்றப் பக்கங்களில் எந்த வருடத்தை எழுதினேன்?

தெரியாத ஒருவர் என் கேசட்டை என்னைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறார். ஏ பக்கம், பி பக்கம் மாற்றி ஒட்டியிருந்ததையும் குறித்திருக்கிறார்.

ஜனவரி 19

எங்கே போயின 01, 03, 06, 09 என்று தம்பி தனியாகக் கேட்டிருந்தார். சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

இவையெல்லாம் ஒரு காலத்தில் ஸ்ட்ரீமிங்கில் இருந்தவைதான். முதலில் நான் சேர்ந்திருந்த விநியோக நிறுவனம் வருடச் சந்தாவில் ஓடுவது. 2019-இல் பழைய கார்டு காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல் மின்னஞ்சல் வந்திருக்கிறது, நான் பார்க்காத பெட்டிக்கு. மெயின் பேண்டோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கமே காலி. அதுவரை போட்ட அத்தனையும் இறங்கிவிட்டன. அபராதம் கட்டினால் திரும்ப வருமா என்றேன். புதிதாக ஏற்றுங்கள் என்றார்கள்.

கோபத்தில் வேறு நிறுவனத்துக்குப் போனேன். 05, 10 இரண்டையும் ஏற்றினேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஏற்றும்போது ஒரு கட்டம் வரும்: ஐஎஸ்ஆர்சி உங்களிடம் இருக்கிறதா, இல்லை நாங்கள் தரட்டுமா? நீங்களே தாருங்கள் என்று அழுத்தினேன். அங்கேதான் தவறு. ஐஎஸ்ஆர்சி என்பது ஒரு ஒலிப்பதிவுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். மொத்தம் 12 எழுத்து. முதல் ஐந்து யார் கொடுத்தது என்பதற்கு, அடுத்த இரண்டு வருடம், கடைசி ஐந்து வரிசை எண். விநியோகம் செய்பவர் மாறினால் அது மாறக்கூடாது. பழைய எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்தால் திரும்ப அதையே கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. ஐந்து வருடம் சேர்ந்த எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. மற்றவர்கள் தங்கள் பட்டியல்களில் சேர்த்து வைத்திருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அழுத்தினால் பாடாது.

2014-இல் பதிவு செய்த பாட்டுக்கு இப்போது எண்ணில் 19 என்று இருக்கிறது. எண்ணைப் பார்ப்பவர் நான் 2019-இல் பதிவு செய்தேன் என்று நினைப்பார். எண் பொய் சொல்கிறது.

ஜனவரி 20

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தப்பு. எண் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு இலக்கம் பதிவு செய்த வருடத்தைக் குறிப்பதே இல்லை, எண் ஒதுக்கப்பட்ட வருடம். 1960-களின் பதிவுக்கு இன்று எண் கொடுத்தாலும் இன்றைய வருடம்தான் வரும். ஐஎஸ்ஆர்சியே 1980-களில் வந்த ஏற்பாடு. ஒருவர் திருத்தியதும்தான் உறைத்தது. பதினைந்து வருடமாக நானும் ஒரு ஆள் என்று பாட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழைய எண்களும் முழுதாகத் தொலையவில்லை. மியூசிக்பிரெயின்ஸில் 05-இன் ஒன்பது பாட்டில் ஆறுக்கு யாரோ அப்போதே குறித்து வைத்திருக்கிறார்கள். மீதி மூன்று?

ஜனவரி 20, மாலை

கிடைத்தன. 2014 சிடியின் (என் 05) மாஸ்டரை, அதாவது பிரதி எடுக்கும் மூலத்தை, எழுதிக் கொடுத்த ஆளிடம் அந்தக் கோப்பு இன்னும் இருந்தது. சிடியில் ஒவ்வொரு டிராக்கோடும் ஐஎஸ்ஆர்சியைப் பதிக்க முடியும், அவர் பதித்திருக்கிறார். என் அலமாரியில் இருக்கும் சிடியிலேயே இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. பரணில் கிடக்கும் பெட்டி என்றாரே தம்பி, அதில்தான்.

பிப்ரவரி 2

இப்போது நாற்காலி விவகாரம்.

13-இன் முதல் பாட்டு நோட்டில் 4 நிமிடம் 12 விநாடி. ஆப்பில் ஆல்பத்துக்குள் 4 நிமிடம் 9. அந்த மூன்று விநாடி எங்கே என்று ஒருவர் கேட்கிறார். எடுத்தவன் நான்தான். கடைசி ஸ்வரம் தேய்ந்து மறையும்போது, நான் ஹெட்போனைக் கழற்ற முன்னால் சாய, நாற்காலி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. மிக்ஸ் செய்தபோது காதில் விழவில்லை. ஆல்பம் வந்து இரண்டு மாதம் கழித்து, நல்ல ஹெட்போனில் கேட்டேன். அதற்குப்பின் அது ஒன்றுதான் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. கோப்பை வெட்டி, ஆல்பத்தில் மட்டும் மாற்றி ஏற்றச் சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐஎஸ்ஆர்சி அதேதான்.

மூன்று சிங்கிளிலும் நாற்காலி இன்னும் கீச்சிடுகிறது.

எல்பி காலத்தில் இப்படிச் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. புதிதாக வெட்டினால் தட்டின் உள்வட்டத்தில், பள்ளம் முடியும் இடத்தில், புது மேட்ரிக்ஸ் எண்ணைக் கீறுவார்கள். சேகரிப்பவர்கள் விளக்கில் சாய்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். ஸ்ட்ரீமிங்கில் உள்வட்டம் இல்லை. அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016-இல் ஒரு ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் பல வாரம் மாற்றிக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் ஊரறியச் செய்தார். நான் திருட்டுத்தனமாகச் செய்தேன்.

மியூசிக்பிரெயின்ஸ் கணக்கில் பார்த்தால் இந்த ஒரு பாட்டு இப்படி நிற்கிறது. வொர்க் என்பது நான் இயற்றியது, அது ஒன்று. ரெக்கார்டிங் என்பது ஒலிப்பதிவு, அது ஒன்றா இரண்டா என்பதில்தான் தகராறு. டிராக் என்பது அந்தப் பதிவு ஒரு வெளியீட்டில் பிடிக்கும் இடம், அது நான்கு. ரிலீஸ் என்பது வெளியீடு, அதுவும் நான்கு. ஒருவர் வெட்டியது வேறு பதிவுதான் என்று வாதாடுகிறார். ஒரு நாற்காலிக்காகப் புது ரெக்கார்டிங்கா என்று இன்னொருவர். தலையிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 3

நாற்காலி இருந்த பதிப்புதான் பிடிக்கும் என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் அந்தச் சத்தம் டி ஷார்ப்பில் இருக்கிறது, பாட்டோடு ஒட்டிப்போகிறது என்கிறார். நாற்காலிக்கு ராயல்டி கேட்காமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 4

பேண்ட்கேம்பின் 17 பற்றி மறந்தே போனேன். அது சுலபம். 14-இல் 04 நண்பனின் பக்கத்தில் இருக்கிறது, ஆக 13. அதோடு நோட்டில் எண் இல்லாத நான்கு: இரண்டு டெமோ மூட்டை, ஒரு ஒத்திகைப் பதிவு, ஒரு ரீமிக்ஸ். இரண்டு மூட்டையும் 2020-இல் பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளுக்காக ஏற்றியவை. அந்த வருடம் மார்ச் 20 முதல் குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாமல் அதையும் கலைஞருக்கே விட்டார்கள். மேடை எதுவும் இல்லாத வருடம். கையில் என்ன இருந்ததோ அதை மூட்டை கட்டிப் போட்டேன். எண் கொடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதை வெளியீடு என்று நினைக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

12 பற்றியும் ஒரு வரி. அது ஒரே பாட்டு, 38 நிமிடம். நான் சிங்கிள் என்றேன். ஸ்ட்ரீமிங் தளம் ஆல்பம் என்கிறது, 30 நிமிடத்தைத் தாண்டினால் அவர்களுக்கு ஆல்பம். 15-இல் ஐந்து பாட்டு, 19 நிமிடம். நான் ஆல்பம் என்று நினைத்துச் செய்தது. அவர்களுக்கு ஈபி, அதாவது ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு. வாதாட இடமில்லை, கட்டத்தில் தேர்ந்தெடுக்கவே விடுவதில்லை.

பிப்ரவரி 16

தம்பியின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரீமிங்கில் இருப்பதுதான் கணக்கா?

2021 நவம்பரில் எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஃபோர் டெட்டின் பழைய ஆல்பங்கள் மூன்று ஸ்ட்ரீமிங்கிலிருந்து இறக்கப்பட்டன. ராயல்டி விகிதத்துக்காக அவர் பழைய லேபிள்மீது வழக்குப் போட்டிருந்தார், அந்த லேபிள்தான் இறக்கியது. அடுத்த வருடம் சமரசம் ஆனது. நடுவில் இருந்த அந்த மாதங்களில் அவர் மூன்று ஆல்பம் குறைவாகப் போட்ட கலைஞரா? மைஸ்பேஸ் என்ற பழைய சமூகத் தளம் 2019-இல், சர்வர் மாற்றியபோது 2015-க்கு முன் ஏற்றியவை போய்விட்டன என்று ஒத்துக்கொண்டது. ஐந்து கோடிப் பாட்டுக்கு மேல் என்றார்கள். ஐந்து கோடியும் வெளியாகவே இல்லை என்று எழுதிக்கொள்ள முடியுமா?

தளம் காட்டுவது இன்றைய கையிருப்பு. கணக்குப் புத்தகம் வேறு. வாங்கியது, விற்றது, தொலைத்தது, திருப்பி அனுப்பியது எல்லாம் இருந்தால்தான் அது கணக்கு. என் பக்கத்தில் இருக்கும் 11-ஐப் பார்த்து 2019-இல் நான் கார்டைப் புதுப்பிக்க மறந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 16, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பெரிய வாத்தியார் மாதிரி இருக்கிறது. தம்பி பக்கமும் நியாயம் உண்டு. 03 எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பேண்ட்கேம்பில் சென்ற வருடம் முழுக்க இரண்டு பேர், அதில் ஒருவன் நான். கணக்கில் இருந்தால் போதுமா, காதில் இருக்க வேண்டாமா? 03-ஐ ஏற்றாமல் வைத்துக்கொண்டு அது இருக்கிறது என்று சண்டை போடுவது, சமைக்காத அரிசியைக் காட்டி விருந்து என்பது போல.

சரி. 01, 03, 06, 09 நான்கையும் இந்த மாதத்துக்குள் ஏற்றுகிறேன்.

பிப்ரவரி 23

07 இருக்கிறது.

04-இல் என்னோடு பங்கு போட்ட நண்பன் ஒரு படம் அனுப்பினான். ஒரு கேசட், வெள்ளை லேபிள், என் கையெழுத்தில் 07. 2015-இல் அட்டை அச்சுக்குப் போனபோதே இரண்டு பிரதி எடுத்து, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இன்னொருவர் யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

இதற்குப் பெரிய இடத்தில் முன்மாதிரி இருக்கிறது. எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வின் 1994-இல் காஸ்டிக் விண்டோ என்ற தன் இன்னொரு பெயரில் ஒரு ஆல்பம் செய்தார். சோதனைக்காகச் சில தட்டுகள் அடித்ததோடு நின்றுபோனது. 2014-இல் ஒரு தட்டு டிஸ்காக்ஸில் விற்பனைக்கு வர, ரசிகர்கள் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் சேர்த்து வாங்கினார்கள். பணம் போட்டவர்களுக்கு டிஜிட்டல் கோப்பு போனது. தட்டை அப்புறம் ஈபேயில் ஏலம் விட்டார்கள், 46,300 டாலருக்குப் போனது. எடுத்தவர் மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன். அந்த ஆல்பம் வெளியானது 1994-இலா, 2014-இலா, வெளியாகவே இல்லையா? மூன்று பதிலுக்கும் ஆள் உண்டு.

என் 07-க்கு 46 ரூபாய் கிடைத்தாலும் சரி, கேசட்டின் விலை தேறும்.

பிப்ரவரி 25

நண்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஏ பக்கம், நான் பிடிக்கவில்லை என்று விட்ட அந்தப் பாட்டுகள். இப்போது கேட்டால் அவ்வளவு மோசமில்லை. மூன்றாவது பாட்டு 10-இல் வரும் ஒரு மெட்டின் முதல் வடிவம், அங்கே எங்கிருந்து வந்தது என்று நானே யோசித்திருக்கிறேன். பி பக்கத்தில் மெயின் பேண்டின் ஒத்திகை. நடுவில் டிரம்மர் குரல்: "இவன் பக்கவாத்தியத்தை முடித்துவிட்டு வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்."

சைடு ப்ராஜெக்ட்டை அவன் அப்படித்தான் சொல்வான். அப்போது நன்றாகவே கோபம் வந்தது. இப்போது தலைப்பாக வைக்கலாமா என்று தோன்றுகிறது.

நோட்டில் 07-இன் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: "பிரதி 2. ஒன்று இருக்கிறது, ஒன்று தெரியவில்லை. வெளியீடு?" கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன்.

மார்ச் 2

நோட்டிலிருந்து விரிதாளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். என்னென்ன கட்டம் வைத்தேன் என்று கேட்டவர்களுக்கு: எண், பதிவு செய்த நாள் தனி, வெளியான நாள் தனி (02 கற்றுக்கொடுத்தது), அட்டையில் உள்ளபடி பெயர், எந்த வடிவம், எத்தனை பிரதி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி (05 கற்றுக்கொடுத்தது), விநாடியில் நீளம் (நாற்காலி). கடைசியில் "என்ன மாறியது, எப்போது" என்று ஒரு அகலமான கட்டம். அதுதான் சீக்கிரம் நிரம்புகிறது.

ஒன்று புதிதாகத் தெரிந்துகொண்டேன். ஃபிளாக் என்ற, தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பின் தலைப்பகுதியிலேயே, சுருக்குவதற்கு முந்தைய ஒலிக்கான எம்டி5 இருக்கும், ஒலியின் கைரேகை மாதிரி ஒரு எண். பாட்டின் பெயர், அட்டைப்படம் எதை மாற்றினாலும் அது மாறாது. ஒலியில் ஒரு துளி மாறினால் மாறிவிடும். நாற்காலி உள்ளதற்கும் இல்லாததற்கும் இரண்டு வேறு எம்டி5. உள்வட்டத்தில் கீறுகிற எண் இல்லை என்று புலம்பினேனே, இதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்குத் தெரியாது, எனக்காவது தெரியும்.

மொத்தம் எத்தனை வரி என்று விரிதாள் தானே கூட்டிக்காட்டுகிறது. 22. நோட்டின் 14, எண்ணில்லாத 4, சிங்கிள் 3, கேள்விக்குறியோடு 07. தம்பி, இப்போதைக்கு 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 என்று யாராவது சொன்னால் மறுக்கவும் வேண்டாம்.

மார்ச் 3

மெயின் பேண்டுக்கும் இப்படி ஒன்று போட்டுக்கொடு என்கிறான் டிரம்மர். மாட்டேன் என்றேன். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

மார்ச் 11

01, 03, 06, 09 ஏறிவிட்டன. 05-க்குப் பழைய ஐஎஸ்ஆர்சியைத் திரும்பக் கொடுத்தேன், ஒன்பதும். எண்ணிக்கை திரும்பி வருமா என்று தெரியாது, கேட்டவர்களுக்காக இல்லை, எனக்காகத்தான். மேலே அப்படி அதிகாரமாக எழுதிவிட்டு 19 என்று விட்டுவைக்க மனம் வரவில்லை.

மார்ச் 15

ஓநாய் போய்விட்டது. புகாருக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: சரிசெய்துவிட்டோம். திறந்து பார்த்தேன். 11-இல் ஓநாய் போக 10, புதிதாக ஏற்றிய நான்கு சேர்ந்தால் 14 இருக்க வேண்டும். அட, என் பழைய எண்ணே வருகிறதே என்று பார்த்தால், 13 இருக்கிறது.

பிரித்தபோது என் 14-ஐ, அதாவது 2022-இல் தனியாக விட்ட சிங்கிளையும் சேர்த்து அந்த ஆளின் புதுப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஓநாய்க்குக் கீழே, என் டேப் இரைச்சல், ஐந்து நிமிடம். அவருடைய ரசிகர்கள் இரண்டு நாளில் நானூறு முறை கேட்டிருக்கிறார்கள். என் பக்கத்தில் மூன்று வருடத்தில் அவ்வளவு ஓடவில்லை.

மறுபடி புகார் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.